ஆறாம் ரெஜிஸ்டர்

ஒத்தக்கடை அலுவலகத்தின் கூட்ட அறையில் அன்று நான்கு பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம் முதலாளி கைலாசநாதன். அவருக்கு வலப்புறம், நாங்கள் எழுதும் நிரலை ப்ராசசருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரை எழுதும் பத்ரி. அவனுக்கு எதிரே, ஜன்னலோரம் முனீஸ்வரி. கதவை ஒட்டிய நாற்காலியில், கடிதப் போக்குவரத்துக்குப் பொறுப்பான சுருளியாகிய நான்.

எங்கள் மென்பொருள் ஓடும் பம்ப்செட் பெட்டிகள், வோல்டேஜை அளந்த மறுகணம் மோட்டாரை நிறுத்திவிடுகின்றன என்று புகார். அளக்கும் ஃபங்ஷன், அதாவது அந்த வேலைக்கான நிரல்துண்டு, கம்பைலர் இல்லாமல் முனீஸ்வரி கைப்பட எழுதியது. தவறு யாருடையது, அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டீர்களா என்று பம்ப்செட் கம்பெனி எழுத்தில் கேட்டிருந்தது.

"எழுதிக்கோ சுருளி," என்றார் முதலாளி. "பிழை செய்த ஊழியர் விடுவிக்கப்பட்டார்."

முனீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போது, ப்ராசசரின் கைக்கெட்டும் இடமான ரெஜிஸ்டரில் இருக்கும் மதிப்பை யார் காப்பாற்றுவது என்று ஒரு விதி வேண்டும். எங்கள் பழைய விதிப்படி கூப்பிடுகிற ஃபங்ஷன்தான் அதை மெமரியில் எடுத்துவைக்கும். அதை நம்பி முனீஸ்வரி ஆறாம் ரெஜிஸ்டரில் தன் கணக்கைப் போட்டிருந்தாள். வேகம் போதவில்லை என்று கம்பெனி சொன்னதால் பத்ரி விதியை மாற்றினான்: இனி ஆறாம் ரெஜிஸ்டரைத் தொடுகிற ஃபங்ஷனே அதிலுள்ளதை எடுத்துவைத்து, திரும்பும்போது பழையபடி வைக்க வேண்டும். மோட்டார் ஓடுகிறது என்ற குறிப்பைப் புது விதியை நம்பிக் கம்பைலர் அதிலேயே விட்டுவிட்டு அளக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட, அதன்மேல் முனீஸ்வரியின் வோல்டேஜ் கணக்கு விழுந்தது. குறிப்பு அழிந்தது, மோட்டார் நின்றது.

"விதி மாறினதை எனக்கு யாரும் சொல்லலையே பத்ரி," என்றாள் முனீஸ்வரி.

"போர்டுல எழுதினேனே. சிவப்பு மையில, பெட்டி கட்டி."

"என்னைக்கு?"

"ஆயுத பூஜைக்கு முந்தின நாள்."

"அன்னைக்கு நான் பேரையூர் பஸ்ல உக்காந்திருந்தேன். திரும்பி வந்தா போர்டுல சந்தனமும் குங்குமமும்தான் இருந்துச்சு. கும்பிட்டுட்டு வேலையப் பாத்தேன்." என் பக்கம் திரும்பினாள். "அம்புட்டுப் பளபளன்னு தொடைச்சது யாருண்ணே?"

நான் பேனா மூடியைத் திருகினேன். வேட்டியை மடித்துக் கட்டி, வாளியும் ஈரத்துணியுமாகப் போர்டைத் துடைத்தவர் தலைப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்.

கைலாசநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "பொட்டு வைக்கிற இடம் அழுக்கா இருக்கேன்னு துடைச்சேன். படிச்சுப் பார்க்கலை."

"நானும் ஒரு மெயில் போட்டிருக்கணும் சார்," என்றான் பத்ரி. "எல்லாரும் பாத்திருப்பாங்கன்னு நினைச்சுட்டேன்."

"அப்போ யாரை விடுவிக்கிறது? என்னையா?"

"உங்கள விடுவிச்சா அடுத்த பூஜைக்கு யாரு சார் தொடைப்பா?" என்றாள் முனீஸ்வரி. வாய் சிரித்தது, கண் இன்னும் கலங்கியே இருந்தது.

"அந்த வரியை அடிச்சுடு சுருளி."

அடித்தல் திருத்தலோடு கடிதம் அனுப்பும் வழக்கம் எனக்கில்லை. புதுத் தாள் எடுத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "விதியை மாற்றிய நாங்கள் அதை எங்கள் ஊழியருக்குத் தெரிவிக்கவில்லை. பொறுப்பு நிறுவனத்துடையது. திருத்தத்தை அவரே செய்கிறார். இந்த வேலையில் அவரே தொடர்வார்."

"கம்பெனி ஒத்துக்கலைன்னா சார்?" என்று பத்ரி கேட்டான்.

"நேர்ல போய் நானே பேசிக்கறேன்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மடித்து உறைக்குள் வைத்தேன். பசை தடவும்போது முனீஸ்வரி உறையின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் கூரியர் விருமாண்டி வண்டியை அணைக்காமல் நின்றிருந்தான்.

"அர்ஜெண்டாண்ணே?"

"ஆமா மாப்ள. இன்னைக்கே போகணும்," என்று உறையை அவன் கையில் கொடுத்தேன்.