ஜெயந்தினி போட்ட உப்பு

நுவரெலியாவில் ஜெயந்தினி பூசணி சூப்பில் போட்ட உப்பு, கொழும்பில் தனுஜா சமைத்துக்கொண்டிருந்த பாரை மீன் குழம்பில் போய் விழுந்தது. பெப்ரவரி மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே கால் மணி. அன்று நுவரெலியாவில் தூறல் இருந்தது, லீக்ஸ் விலை இறங்கியிருந்தது, வேறு விசேஷம் ஒன்றுமில்லை. ஜெயந்தினி சூப்பைச் சுவைத்துப் பார்த்தாள். உப்பே இல்லை. மறுபடியும் போட்டாள், மறுபடியும் இல்லை. மூன்றாவது தடவையும் போட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் காய் வெட்டிக்கொண்டிருந்த ராகலைச் சோலைமலையிடம் கரண்டியை நீட்டினாள். அவர் நக்கிப் பார்த்து, "வெறும் தண்ணி மாதிரி இருக்கு புள்ள" என்றார். அவரே தன் கையால் ஒரு சிட்டிகை போட்டார். சூப் உடனே சரியாகிவிட்டது. இதில் ஜெயந்தினிக்கு வந்த கோபத்தை அவர் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

தனுஜாவும் ஜெயந்தினியும் டயகமத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் வளர்ந்தவர்கள். ஜெயந்தினி இரண்டு வயது மூத்தவள். குதிரைப் பந்தயத் திடலுக்கு மேலே இருக்கும் அந்த ஹோட்டலின் குசினியில் முதலில் சேர்ந்தவளும் அவள்தான். நான்கு வருஷம் கழித்து மேனேஜரிடம் சொல்லித் தனுஜாவைச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். இருவருக்கும் அடுத்தடுத்த அடுப்பு. "தங்கக் கரண்டி" என்ற டிவி போட்டிக்கு, தொழில்முறைச் சமையல்காரர்கள் மட்டும் வரலாம் என்று அறிவித்தபோது இருவரும் விண்ணப்பம் போட்டார்கள். தெரிவு செய்கிறவர்கள் கொழும்பிலிருந்து வந்து குசினியில் நின்று இருவருடைய சமையலையும் பார்த்தார்கள். கடைசி நிமிஷத்தில் தனுஜாவின் உப்புக் கிண்ணம் காலியாக இருந்தது. "அக்கா, உப்பு!" என்று கையை நீட்டினாள். ஜெயந்தினி தன் கல்லுப்பில் ஒரு பிடி அள்ளி அந்த உள்ளங்கையிலேயே வைத்துவிட்டாள்.

டயகமப் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். உப்பைக் கிண்ணத்தில் போட்டுக் கீழே வைப்பார்கள். வேண்டியவர் குனிந்து எடுத்துக்கொள்வார். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஹோட்டல் குசினியில் குனியவும் நிமிரவும் யாருக்கு நேரம் இருக்கிறது? தெரிவு செய்தவர்கள் இரண்டு தட்டையும் ருசி பார்த்துவிட்டுத் தனுஜாவின் பெயரைச் சொன்னார்கள். அவளுடைய கறியில் உப்பு அவ்வளவு அளவாக இருந்ததாம். ஜெயந்தினி எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள். கை தட்டும்போதே, அந்த ஒரு பிடியைக் கொடுக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தாள். அன்றிலிருந்து காலையில் பல் விளக்கும்போதும் அதையே நினைத்தாள்.

போட்டியைச் செவ்வாய்க்கிழமைகளில் படம் பிடித்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் போடுவார்கள். முதல் ஞாயிறு ஜெயந்தினி தன் அறையில் டிவியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தனுஜாவின் மீன் குழம்பை வாயில் வைத்த நடுவர், கடல் தண்ணீரைக் குடித்தவர் போல முகத்தைச் சுளித்துக் கைக்குட்டையில் துப்பினார். காலி நகரத்திலிருந்து வந்த ஒருவர் சோற்றைக் கருக வைத்ததால்தான் தனுஜா வீட்டுக்குப் போகாமல் தப்பினாள். ஜெயந்தினி அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். மனசுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. கை கழுவி முடிப்பதற்குள் கொழும்பிலிருந்து தனுஜா போன் எடுத்தாள்.

"அக்கா, போன செவ்வாக்கெழம பதினொரு மணிபோல நீங்க உப்பு எத்தன தடவ போட்டீங்க?"

"மூணு தடவ. ஏன்?"

"நான் போட்டது தூளு உப்பு. வாயில கடிபட்டது கல்லு உப்பு. நம்ம குசினியில கல்லு உப்பு போடுறது நீங்க மட்டுந்தான்."

மறுநாள் இருவரும் டயகமவுக்குப் போன் போட்டுத் தனுஜாவின் அம்மா பேச்சியம்மாவிடம் கேட்டார்கள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்த பேச்சியம்மா, விசாரிக்கவே ஒன்றுமில்லை என்பதுபோல், "கையில குடுத்த உப்பு குடுத்துக்கிட்டேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கழற்றப் போனாள். டயகமவில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. இத்தனை நாள் சண்டை மட்டும்தானே வந்தது, இப்போது உப்பே போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார்கள்.

அதற்குப் பிறகு தனுஜா உப்பைத் தொடவில்லை. தொட்டும் பயனில்லை, அவள் கையால் போட்ட உப்பு மணல் போலக் கரகரத்ததே ஒழிய ருசி தரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் தனுஜா எதை, எவ்வளவு சமைக்கிறாள் என்று போனில் கேட்டு, ஜெயந்தினி தன் பாத்திரத்தில் அளந்து போடுவாள், அது தனுஜாவின் பாத்திரத்தில் சரியாகப் போய் நிற்கும். ஜெயந்தினியின் பாத்திரத்துக்குச் சோலைமலை போடுவார். இப்படியே வாரங்கள் போயின. கோழி, நண்டு, இறால், பலாக்காய் எல்லாம் கடந்து, பன்னிரண்டு பேர் ஏழாகி நாலானார்கள். ஒவ்வொரு ஞாயிறும் நடுவர்கள் உப்பைத்தான் புகழ்ந்தார்கள். "லுணு நியமயி" என்று சிங்கள நடுவர் விரலை மடக்கிக் காட்டுவார். உப்பு அருமை என்று தமிழ் நடுவர் அதையே திருப்பிச் சொல்வார். இந்த அளவு எப்படி வருகிறது என்று ஒரு நாள் கேட்டபோது தனுஜா கமராவைப் பார்த்துச் சிரித்து, "அது ஊர்லேருந்து வருது சேர்" என்றாள். நாடே சிரித்தது. ஜெயந்தினி டிவியை அணைத்துவிட்டாள்.

ஹோட்டல் வாசலில் தனுஜாவின் படத்தை ஆள் உயரத்துக்கு வைத்தார்கள். ஏப்ரல் சீசனுக்கு வந்த கூட்டம் குசினிக்குள் எட்டிப் பார்த்து, அவள் அடுப்பு எது என்று கேட்டு அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தது. பக்கத்து அடுப்பில் வேலை செய்துகொண்டிருந்த ஜெயந்தினியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவளும் தள்ளி நின்றாள், கையில் கத்தி இருந்தது, பாவம் அந்த லீக்ஸைத்தான் பொடிப்பொடியாக வெட்டினாள். போதாததற்கு, பெரிய செஃப் மாலைதீவுக்குப் போவதால் அந்த இடம் காலியாகப் போவதாக மேனேஜர் சொன்னார். தனுஜா வென்று வந்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் மூப்புப்படி ஜெயந்தினிக்கு. பத்து வருஷம் அந்தக் குசினியின் புகையைக் குடித்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பொறாமையில் அவள் இரண்டு கிலோ இளைத்துவிட்டாள். தான் போட்ட உப்பால் இன்னொருத்தி உயர்வதை வாராவாரம் டிவியில் பார்க்கிற தண்டனை வேறு எவருக்கும் கிடைத்ததாக இந்தப் பக்கத்தில் தகவல் இல்லை.

இறுதிப் போட்டி ஏப்ரலின் கடைசி ஞாயிறு, நேரடி ஒளிபரப்பு. மேனேஜர் குசினியில் குளிர்சாதனப் பெட்டியின் மேலே டிவியை வைத்திருந்தார். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அதன் முன் கூடினார்கள். ஜெயந்தினி தன் அடுப்பில் கோழிச் சாற்றைக் கொதிக்கவிட்டு, உப்புச் சாடியை மூடிவைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று சோலைமலைக்குப் புரிந்துவிட்டது. கொழும்பில் தனுஜா ஆட்டு நெஞ்செலும்புச் சாற்றைக் கரண்டியில் எடுத்து ருசி பார்த்தாள். முகம் மாறியது. அரங்கத்து உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தாள், பிறகு இன்னொரு முறை. பக்கத்து மேசையில் போட்டியிட்ட குருநாகல்காரர் தட்டுகளை அடுக்கத் தொடங்கிவிட்டார். இன்னும் தொண்ணூறு விநாடி என்று அறிவிப்பாளர் கத்தினாள். தனுஜா கமரா எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அதற்குள் நேராகப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள்.

அவ்வளவுதான். அறிவிப்பாளர் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து, என்ன வேண்டும் என்று கேட்டு மேசைக்கு ஓடி வந்தாள். தனுஜா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"புள்ள, ஒன்னயத்தான் கூப்புடுது" என்றார் சோலைமலை.

"எனக்குக் காது கேக்குது" என்றாள் ஜெயந்தினி.

அவள் சாடியைத் திறந்தாள். கை நிறைய அள்ளினாள். அந்தப் பிடியை அப்படியே போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அந்த ஆசை அவளுக்கு இருந்தது என்று அவளே பிற்பாடு சொன்னாள். போட்டால் நடுவர் துப்புவார். துப்பிவிட்டு, உப்புக் கூடிப்போயிற்று என்று நாடு முழுக்கச் சொல்வார். அது யாருடைய உப்பு? ஜெயந்தினியின் உப்பு. போடாமல் விட்டால் உப்பே இல்லை என்று சொல்வார்கள். இத்தனை வாரம் புகழ்ந்த வாயால், இன்று ஜெயந்தினியின் உப்பு வரவில்லை என்று சொல்லமாட்டார்கள், தனுஜாவின் கை தவறிவிட்டது என்றுதான் சொல்வார்கள். தோற்பதிலும்கூடப் பேர் அவளுக்கா என்று ஜெயந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிவியில் சாறு எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் அளந்தாள். கையிலிருந்ததில் பாதியைச் சாடியில் திரும்பக் கொட்டினாள். மிச்சத்தை இரண்டு தடவையாகப் போட்டாள். பிறகு ஒரு கணம் யோசித்து, மூன்று கல்லை மட்டும் விரலால் உதிர்த்தாள். கொழும்பில் தனுஜா மறுபடியும் ருசி பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தனுஜா வென்றாள். தங்க நிறக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்கும், முருகனுக்கும், டயகம மக்களுக்கும், லீவு கேட்டபோதெல்லாம் முணுமுணுத்த மேனேஜருக்கும் நன்றி சொன்னாள். ஜெயந்தினியின் பேர் அந்தப் பட்டியலில் இல்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று நுவரெலியாவில் இரண்டு கட்சி உண்டு. ஜெயந்தினி முதல் கட்சியைச் சேர்ந்தவர்களோடு பேசுவதில்லை.

நாலாம் நாள் தனுஜா ஹோட்டலுக்கு வந்தாள். பட்டாசு, மாலை எல்லாம் முடிந்து குசினி காலியானதும் ஜெயந்தினியின் முன்னால் வந்து நின்றாள். மூடிய கைக்குள் கல்லுப்பு இருந்தது.

"அம்மா சொன்னாங்க அக்கா, ஒங்க கையிலயே திருப்பிக் குடுத்தா எல்லாம் நின்னுருமாம். அதுக்கப்புறம் ஒங்க உப்பு ஒங்களுக்கு, என் உப்பு எனக்கு. கைய நீட்டுங்க."

ஜெயந்தினி ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்த கையை ஏப்ரனுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"மேசையில வையி."

"மேசையில வச்சா நிக்காது அக்கா."

"தெரியும். மேசையில வையி."

தனுஜா உப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு அதில் நிம்மதியும் இருந்திருக்கலாம், சொந்த உப்பில் சமைத்து எத்தனை மாதமாயிற்று. பெரிய செஃப் இடம் தனுஜாவுக்குத்தான் கிடைத்தது. எட்டு மாதம் இருந்தாள், பிறகு தோஹாவில் ஒரு பெரிய ஹோட்டல் அழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த இடம் ஜெயந்தினிக்கு வந்தது. ஆள் உயரப் படத்தை அவள் முதல் நாளே கழற்றிக் களஞ்சியத்தில் வைத்துவிட்டாள்.

இப்போது தோஹாவில் மத்தியானச் சமையல் நடக்கும்போது இங்கே இரண்டு மணி. ஜெயந்தினியின் பின் அடுப்பில் ஒரு பாத்திரம் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். ஒன்றேமுக்காலுக்குப் போன் வரும். "அக்கா, இன்னைக்கி முந்நூறு பேரு, ஆட்டுக்கறி" என்று தனுஜா சொல்வாள். ஜெயந்தினி "ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். புதிதாக வந்த சமையல்காரர்கள் அந்தத் தண்ணீர் எதற்கென்று கேட்டால், தோஹாவுக்கு என்று சோலைமலை சொல்வார். அவர்களும் சரியென்று தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். ஜெயந்தினி தனுஜாவைத் திட்டிக்கொண்டே அளப்பாள். அவள் சம்பளத்தை, அவள் போட்டோவை, அவளைப் பேட்டி எடுத்தவர்களை, அந்த ஊர் வெயிலைக்கூட விடாமல் திட்டி முடித்து, முந்நூறு பேருக்கான உப்பை வெறும் தண்ணீரில் போடுவாள். அளவில் இன்றுவரை ஒரு கல்கூடத் தவறியதில்லை.