ஆறு எட்டு உள்ளே நின்ற பீப்பாய்

1

புலவாயோ நகரத்துக் கார்ப் பந்தயத் தடங்களின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னது இங்குள்ள பந்தயச் சங்கம். என்னை ஏன் கேட்டார்கள்? வெளியூர்க்காரன் தோண்ட மாட்டான் என்று நினைத்திருப்பார்கள். ஒரு பத்தியில் என் கை நின்றுவிட்டது. அந்தப் பத்திதான் இந்தக் கதை.

2

"வெயிலில் தகதகத்த ஓடுபாதையில் எஞ்சின்கள் உறுமியபடி..."

(அடித்துவிட்டேன். நான் அங்கே இல்லை.)

முதல் தடம் பழைய விமானத் திடல். வளைவுகளில் சுவர் கிடையாது. எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தியிருப்பார்கள். கார் இடித்துத் தள்ளினால் ஓடிப்போய்ப் பழைய இடத்தில் வைப்பது தெம்பானி மபேனா என்ற கறுப்பின இளைஞனின் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் கிராக்ஸ்ஃபர்ட் என்பவர் ஒரு சுற்றை நம்ப முடியாத வேகத்தில் முடித்தார். மபேனா பீப்பாயை உள்ளே தள்ளி வளைவைக் குறுக்கிவிட்டான் என்றார்கள். நிரூபிக்க முடியாததால் சாதனை நிலைத்தது. சந்தேகமே போதும் என்று மபேனாவை விரட்டினார்கள். மெக்கானிக் ஆக வேண்டியவரை எந்தப் பட்டறையும் சேர்க்கவில்லை.

இரண்டாவது தடம் வந்தது, மூன்றாவதும் வந்தது. திடலில் இப்போது வீடுகள். அந்தச் சாதனையை இனி யாராலும் முறியடிக்க முடியாது.

3

முப்பத்திரண்டு வருடம் கழித்து, புதிய தடத்தில் கிராக்ஸ்ஃபர்டின் பெயரைப் பொறிக்கப் போகிறார்கள். 'பீப்பாய் நகரவே இல்லை' என்று எழுதிய தாளோடு கிராக்ஸ்ஃபர்டின் மகள் ஹிலரி மபேனா வீட்டுக்குப் போனாள். சாட்சிக்கு நான்.

"நல்லா இருக்கீங்களா, மிஸ்டர் மபேனா?"

"மிஸ்டரா! உங்கப்பா 'டேய் பீப்பாய்'னுதான் கூப்பிடுவாரு. உக்காரும்மா, எங்க ஊர் மரப்புழு வறுவல் சூடா இருக்கு."

"இப்பதான் சாப்பிட்டேன்."

"எங்க வீட்டுக்கு வர்ற வெள்ளைக்காரங்க எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் வர்றாங்க" என்றாள் மபேனாவின் மனைவி தோகோசிலே. பிறகு கணவரிடம், "போட்டுத் தொலைங்களேன். உங்க பேர்ல உள்ள கறையும் போகும்ல?"

மபேனா தாளை இரண்டு தரம் படித்தார்.

"பீப்பாய் நகர்ந்துச்சும்மா. ஒரு பச்சைக் கார் இடிச்சு ஆறு எட்டு வைக்கிற தூரம் உள்ள போயிடுச்சு. வரிசையா கார் வருது, எப்படி ஓடுறது? மூணு சுத்து அங்கயே நின்னுச்சு. அதுல ஒண்ணுதான் உங்கப்பாவோட சாதனைச் சுத்து."

"அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. கடிகாரமும் நோட்டும் வெச்சு நேரம் குறிச்சது உங்கம்மா. அவங்க அதை எழுதிக்கல."

"செத்தவங்க மேல பழி போடாதீங்க."

"என் மேல போட்டப்ப நான் உயிரோடதாம்மா இருந்தேன்."

(பச்சைக் காரை அன்றைய பட்டியலில் தேடினேன். நிறம் எழுதவில்லை. நான் மபேனாவைத்தான் சந்தேகப்பட்டேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.)

4

முடிவு ஒன்று: மபேனா கையெழுத்துப் போடுகிறார். இரண்டு பெயர்களின் கறையும் போகிறது. (எல்லாருக்கும் பிடிக்கும். நான் நம்பவில்லை.)

முடிவு இரண்டு: ஹிலரி கண்ணீரோடு தாளைக் கிழித்து...

(அவள் அழவில்லை.)

5

அச்சடித்த வரியை அடித்துவிட்டு, கீழே மபேனா எழுதினார்: 'பீப்பாய் நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை.' கையெழுத்தும் போட்டார். ஹிலரி எழுந்து வெளியே போய்விட்டாள்.

"சாட்சிக் கையெழுத்துப் போடுங்க" என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

"நான் அன்னிக்கு அங்க இல்லையே."

"இப்ப இங்க இருக்கீங்கல்ல? நான் எழுதுனதைப் பார்த்தீங்க. அதுக்கு மட்டும்தான்."

பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போக்கிடம் அந்தச் சங்கம் ஒன்றுதான்; சாட்சி போட்டால் அந்தக் கதவும் மூடிவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை மடித்துக்கொண்டு வந்தேன்.

அது என் மேசையில் கிடக்கிறது. அவர் எழுதியதை நீங்களும்தான் பார்த்தீர்கள். நீங்கள் போடுவீர்களா?