தம்பியை மட்டும்

பஸ் டிரைவருக்குப் பேச்சு என்றால் மூச்சு விடுவது மாதிரி. 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழேயே இத்தனை வருஷம் உட்கார்ந்து வண்டி ஓட்டியும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. அப்பேர்ப்பட்டவர் அன்று கோர்ட் வராந்தாவில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் அவர் மனைவி. எதிர் பெஞ்சில் ஆதரவற்றோர் விடுதிக் காப்பாளரம்மாவோடு ஒன்பது வயதுச் சின்னவன், காலை ஆட்டிக்கொண்டு. அவனுடைய அக்கா, பதினாலு வயதுக்காரி, நீதிபதியின் அறைக்குள் போயிருந்தாள்.

பிழைக்கப் போன நாட்டில் டிரைவருக்கும் மனைவிக்கும் எல்லாம் அமைந்தது, பிள்ளை மட்டும் அமையவில்லை. தத்தெடுக்கலாம் என்றால், கைக்குழந்தைக்கு வரிசை நீளம் என்றார்கள். "வளர்ந்த பிள்ளைங்களுக்கு மட்டும் அம்மா அப்பா வேண்டாமா?" என்று கேட்டவள் மனைவிதான். அப்படித்தான் தங்கள் பேச்சே பேசும் இந்த அக்கா தம்பியை, கடல் தாண்டி வந்து கண்டுபிடித்தார்கள். இரண்டு முறை வந்து தங்கிப் பழகினார்கள். சின்னவன் சீக்கிரமே 'அப்பா' என்று ஒட்டிக்கொண்டான். பெரியவள் 'மாமா, அத்தை'யோடு நின்றுகொண்டாள். போகப் போகச் சரியாகிவிடும் என்று டிரைவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். வீட்டில் அவளுக்கென்று தனி அறை வெள்ளையடித்து, ஜன்னலோரம் மேஜையும் போட்டாயிற்று.

பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையை நீதிபதி தனியாகக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்க வேண்டும் என்பது சட்டம். வெறும் சம்பிரதாயம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆனால் நேரம் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் நீதிபதி அம்மாள் இவர்களைக் கூப்பிட்டு, விஷயத்தைப் பக்குவமாகத்தான் சொன்னார். தம்பியைக் கூட்டிப் போகட்டும், தான் வரவில்லை என்கிறாள் பெண். யாரும் அவளைக் கட்டாயப்படுத்த முடியாது. விரும்பினால் தம்பிக்கு மட்டும் உத்தரவு போடலாம். மத்தியானத்துக்குள் யோசித்துச் சொல்லுங்கள்.

டிரைவர் அனுமதி வாங்கிக்கொண்டு பெரியவளைப் பின்பக்கப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனார்.

"மாமா மேல ஏதாவது கோவமாம்மா?"

"ஐயோ, இல்ல மாமா." துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அம்மா எங்களை விடுதியில விட்டப்ப தம்பிக்கு மூணு வயசு. திரும்பி வந்து கூட்டிட்டுப் போறேன்னு என்கிட்டதான் சொன்னாங்க. அவங்க வந்து கேக்கறப்ப ஒருத்தராவது அங்க இருக்கணும்ல?"

அந்த அம்மாவைத் தேடிச் சலித்துத்தான் கோர்ட்டே கைவிட்டிருந்தது. அது பெண்ணுக்கும் தெரியும். 'வரமாட்டாங்கம்மா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டார்.

"அப்ப தம்பியும் உன்கூடவே இருக்கட்டும். உங்களைப் பிரிக்க எனக்கு மனசு வரல."

அதுவரை நிதானமாக இருந்தவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்படி மட்டும் செஞ்சிடாதீங்க மாமா. இன்னும் கொஞ்சம் வளந்துட்டா இவனை யாரும் தத்தெடுக்க மாட்டாங்க. நான் பாத்திருக்கேன்."

வராந்தாவில் மனைவியிடம் மன்றாடிப் பார்த்தார். கூடப் பிறந்ததுகளைப் பிரித்த பாவம் நமக்கு எதற்கு என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ பெத்தவளாட்டம் யோசிச்சு நம்மகிட்ட ஒண்ணு கேக்கறா. அதையும் இல்லைன்னுட்டா அவ யாருகிட்ட போவா?" என்றாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

தன் பாஸ்போர்ட் வரத் தாமதமாகிறது, நீ முன்னால் போ என்று தம்பியிடம் சொன்னாள் அக்கா. அவன் நம்பினான். விடுதி வாசலில் அவனுக்குத் தலை வாரிவிட்டாள். "வெறும் பால் குடுத்தா வாந்தி எடுப்பான் அத்தை, ஏதாவது கலந்து குடுங்க" என்றாள். கார் திரும்பும்வரை சின்னவன் சிரித்துக்கொண்டே கையாட்டினான்.

அக்கா எப்போது வருவாள் என்று அவன் நாள் தவறாமல் கேட்டான். அந்தப் பொய்யைச் சுமக்க டிரைவரால் முடியவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவனை உட்காரவைத்து உள்ளதைச் சொல்லிவிட்டார். அவன் கத்தவில்லை. கழற்றிய ஷூவைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பையை முதுகில் போட்டுக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தான்.

"என்னைக் கொண்டுபோய் விட்டுடுங்க."

இருட்டும்வரை அங்கேயே இருந்தான். அவனைத் தொட டிரைவருக்குத் தைரியம் வரவில்லை. அன்றோடு 'அப்பா' போயிற்று. அவரை எந்த உறவு சொல்லியும் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவோடு போன். ஒவ்வொரு தடவையும் அழுது ஓய்ந்துதான் வைப்பான். மாதங்கள் போயின. புதுச் சிநேகிதர்கள் சேர்ந்தார்கள், தெருவில் பந்தாட்டம் வந்தது. ஒரு ஞாயிறு பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே வெளியில் யாரோ கூப்பிட, "இந்தாங்க" என்று போனை டிரைவர் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டான்.

"மாமா, இன்னைக்கு அவன் அழல" என்றாள் பெரியவள்.

"ஆமாம்மா."

"நல்லதுதான். அம்மா வந்தா இவனைப் பத்தித்தான் முதல்ல கேப்பாங்க. எவ்வளவு உயரம் வளந்திருக்கான், சொல்லுங்க" என்றாள்.

ஜன்னல் வழியே பார்த்தார். சின்னவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எவனையோ முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.

"என் நெஞ்சு வரைக்கும் வந்துட்டான்மா."

மறுமுனையில் அவள் அழுவது கேட்டது. கோர்ட்டிலும் விடுதி வாசலிலும் அழாதவள். அழு என்றோ அழாதே என்றோ சொல்லாமல், அவள் ஓயும்வரை டிரைவர் போனைக் காதோடு பிடித்துக்கொண்டு நின்றார்.