ஒரே அளவில் இரண்டு பின்கள்

பல் டாக்டரான மகள் புதிதாகத் திறக்கவிருந்த மருத்துவமனையில், காத்திருப்போர் அறைக்கு எண் காட்டும் திரை ஒன்று வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அதை எங்கள் வீட்டில் செய்து தருகிறோம் என்று சொன்னது நான்தான். கட்டடம் சம்பந்தியுடையது. நாற்காலிகள் மாப்பிள்ளை வாங்கியவை. பெண்ணைப் பெற்றவர்கள் கைவீசிக்கொண்டு போய் நிற்க முடியாது.

"வீட்ல செய்யறதா? டிவியையா?" என்றார் சம்பந்தி.

"என் தம்பி செய்வான்."

நாலு பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. இனி அது நடந்தாக வேண்டும்.

தம்பிக்கு வேலை காப்பீட்டு அலுவலகத்தில். வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்காது. விளக்கு போன பழைய டிவி ஒன்றைப் பிரித்துப் பேனலை எடுத்தான். அதில் படம் வரவழைக்கும் போர்டைத் தனியாக வாங்கினான். பேனலின் கேபிள் போர்டில் பொருந்தவில்லை. கம்பிகளை ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பியெடுத்து வேறு வரிசையில் சொருகினான்.

"தலையில பேன் பாக்குற மாதிரியே இருக்கு. ஒண்ணு ரெண்டு கிடைச்சுதா?" என்றாள் என் மனைவி.

"கிடைச்சா உங்களுக்குத்தான் அண்ணி முதல்ல."

போர்டுக்குப் பன்னிரண்டு வோல்ட் போதும். பேனலுக்குப் பின்னால் அவன் ஒட்டிய எல்.இ.டி. பட்டைகளுக்கு இருபத்துநான்கு வேண்டும். முதலாவதற்கு இணைய மோடத்தின் அடாப்டரை எடுத்தான், இரண்டாவதற்கு ஓடாத பிரிண்டரின் அடாப்டரை.

முடிந்ததும் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் நன்றாகவே இருந்தது. பின்பக்கம்தான் சகிக்கவில்லை. ஒரு வயர் கறுப்பு, முனையில் சொருகும் பின் பருமன். மற்றது சாம்பல், பின் ஒல்லி.

"என்னடா இது, ஒண்ணு எருமை, ஒண்ணு ஆடு?"

"வேணும்னுதான் அண்ணா. மாத்திச் சொருகிடக் கூடாது. இதோட பின் அதுல போகாது."

"சம்பந்தி வீட்டுக்குப் போற பொருள். குப்பையில பொறுக்கின மாதிரி இருக்கு."

"பொறுக்கினதுதானே."

"அது அவங்களுக்குத் தெரிய வேண்டாம். ரெண்டையும் ஒரே மாதிரி ஆக்கு."

"சரி, எது எதுன்னு ஒரு லேபிளாவது ஒட்டிடறேன்."

"மருந்து பாட்டிலா இது? பேசாம சொன்னதச் செய்."

எங்கள் வீட்டில் மூத்தவன் சொன்ன பிறகு பேச்சு வளராது. அடுத்த முறை பார்த்தபோது இரண்டு வயரும் கறுப்பு, இரண்டு பின்னும் ஒரே அளவு. லட்சணமாக இருந்தது.

திறப்பன்று திரையைச் சுவரில் மாட்டினோம். தம்பி கருவிப் பையை எடுக்கக் கீழே போனான். முதல் நோயாளி அதற்குள் வந்துவிட்டார். கன்னம் வீங்கியிருந்தது. கைக்குட்டையை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சம்பந்தி என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. ஒருவேளை சரிவரலைன்னா இருக்கட்டுமேன்னு கடையில ஒரு டிவி வாங்கி கார்ல வச்சிருக்கேன்."

"தேவைப்படாது," என்றேன். அந்தப் பெட்டி மேலே ஏறினால், என் மகள் அந்த வீட்டில் இருக்கும்வரை அந்தப் பேச்சு இருக்கும்.

"ஆள் காத்திருக்காரே, போட்டுடுவோம்," என்று சம்பந்தியே தொங்கிய இரண்டு பின்களையும் எடுத்துச் சொருகி, சுவிட்சைத் தட்டினார்.

பட்டென்று ஒரு சத்தம். கருகிய வாசனை. திரை இருட்டாகவே இருந்தது.

"போச்சா?" என்றார் சம்பந்தி. "அதான், வீட்ல செய்யறதுன்னா..." முடிக்காமல் வாசல் பக்கம் திரும்பி டிரைவரைக் கூப்பிட்டார்.

தம்பி படியேறி வந்தான். பின்பக்கம் குனிந்து பார்த்தவனுக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது.

"யாரு இத மாத்திச்..." என்று ஆரம்பித்தான்.

மகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் முகம் மாறத் தொடங்கியது. மருமகள் முன்னால், நோயாளி முன்னால், டிரைவர் முன்னால்.

"யாரும் எதையும் மாத்தல," என்றேன். "ரெண்டு பின்னும் ஒரே மாதிரி இருந்தா யாருக்குத் தெரியும்? அவன் வேற வேறயாத்தான் வச்சிருந்தான். அழகா இல்லைன்னு நான்தான் மாத்தச் சொன்னேன். தப்பு எங்க வீட்டுது."

"போர்டு போயிருக்காது," என்றான் தம்பி. "அண்ணன் மாத்தச் சொன்ன அன்னிக்கே, தப்பா கரண்ட் வந்தா போர்டைக் காப்பாத்தறதுக்கு ஒரு டயோடும் ஃபியூஸும் போட்டுட்டேன். அதுங்கதான் செத்திருக்கும்."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் பேசக் கூடாதுன்னுட்டீங்களே."

சம்பந்தி சிரித்துவிட்டார். "உங்க வீட்லயும் அப்படித்தானா?"

தம்பி புதுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சால்டரிங் அயர்னைச் சூடாக்கினான். உள்ளறைக்குப் போகச் சொன்னேன். வெளிச்சம் இங்கேதான் என்றான். சம்பந்தி செல்போன் விளக்கைப் பிடித்தார். நான் நின்றபடியே வயரைப் பிடித்துக்கொண்டேன். கருகியவற்றைக் கழற்றிப் புதியவற்றை வைத்த பிறகு, பையிலிருந்து பருமனான பின்னையும் அதற்கேற்ற சாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான்.

"போடு," என்றேன்.

"எனக்கு டிவி வேணாங்க," என்றார் கைக்குட்டைக்காரர். "பல்லைப் பிடுங்கினாப் போதும்." மகள் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

பெட்டியோடு வாசலுக்கு வந்த டிரைவரைச் சம்பந்தி கையசைத்துத் திருப்பி அனுப்பினார். தம்பி பருமனான பின்னை அதன் இடத்திலும் ஒல்லியானதை அதன் இடத்திலும் சொருகினான். வெள்ளை வெளிச்சம் வந்தது. அதன் நடுவில் பெரிதாக ஒன்று என்ற எண். அந்த எண்ணுக்குரியவரின் நாற்காலி காலியாக இருந்தது.

சம்பந்தி எண்ணை மாற்றும் பொத்தானை அழுத்தினார். இரண்டு வந்தது. அறையில் வேறு நோயாளி இல்லை. அவர் கடைவாய்ப் பக்கம் நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ரொம்ப நாளா இங்க ஒண்ணு குத்துது," என்று சொல்லிவிட்டு, வரிசையில் முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.