அமானிதமாக வைத்த ரகதாரிச் சீட்டு

மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் துரை சுடப்பட்டு இரண்டு மாதங்கூட நிறைவுறாத அந்த ஆடி மாதத்தில், காரைக்காலைச் சேர்ந்த தாவூது என்னும் வாலிபர் மேலப்பாளையத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்த காரியம் இரண்டு. மருந்துக்காக நிலாவாரை இலையைக் கப்பலேற்றும் கடையொன்றில் அவர் வேலை பார்த்தார். அவ்விலையைத் திசையன்விளைச் சந்தையில் கொள்முதல் செய்வது முதற்காரியம். தறிக்காரரும் துணி வியாபாரியுமாகிய மீரா முகைதீனின் தங்கை ஆசியா உம்மாளை அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள்; அந்த நிக்காஹுக்கு நாள் குறிப்பது இரண்டாவது. முதற்காரியத்தை எவரிடமும் சொல்லலாம். இரண்டாவதை வெளியாரிடம் சொல்லுதல் கூடாது. மணமாகாத பெண்ணொருத்தியின் பெயர் அந்நிய ஆடவர் வாயில் புழங்குவதை அவ்வூரார் பெரும் இழிவாகக் கருதினர்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரரின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆதலின் தாவூது தமிழரேயாயினும், திருநெல்வேலிச் சீமையில் அவர் ஓர் அந்நிய நாட்டுப் பிரஜை. அதற்கு அத்தாட்சியாகப் புதுச்சேரி சர்க்காரின் முத்திரையிட்ட, வழிப்பயண அனுமதியாகிய ரகதாரிச் சீட்டு ஒன்றைப் பூப்போட்ட சைகோன் பட்டு உருமாலில் முடிந்து கொண்டுவந்திருந்தார். துரையைச் சுட்ட கூட்டத்தாருக்குப் புதுச்சேரியில் ஆள் இருந்ததென்று கடைவீதியெங்கும் பேசிக்கொண்ட காலம் அது.

திசையன்விளைக்குப் புறப்படும் நாளில், மீரா முகைதீன் நூல் அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் அந்தச் சீட்டைப் பற்றி வாதம் எழுந்தது. மூன்றாமவராக அங்கிருந்தவர் வில்வண்டி வைத்திருக்கும் காஜா முகைதீன். மாட்டின் கால் லாடம் கழன்றுவிட்டமையால் அன்று அவர் வண்டி பூட்டவில்லை. கருப்பட்டி ஏற்றப் போகும் வண்டிகளோடு தாவூது செல்வதாக ஏற்பாடு.

"இதக் கையோட கொண்டு போறதா, இங்க வச்சிட்டுப் போறதா, மச்சான்?" என்று தாவூது வினவினார்.

"கொண்டு போவும் வே. அடுத்த சீமையில நடக்கவன் தான் ஆருன்னு காட்டாண்டாமா?" என்றார் காஜா முகைதீன்.

"ஆருன்னு காட்டுததுதான் வினையே" என்றார் மீரா முகைதீன். "முத்திரை புதுச்சேரி. அதப் பாத்த பொறவு போலீஸ்காரன் ஒரு எழுத்து மேக்கொண்டு வாசிக்க மாட்டான்."

"வாசிக்கத்தான் தெரியாதே. பரங்கி எழுத்துல்லா."

"தெரியாத எழுத்தப் பாத்தா சந்தேகம் கூடத்தான செய்யும்?"

தாவூது நகைத்தார். "சீட்டு இல்லேன்னா எனக்கு என்ன கொறச்சல்? கைலி இருக்கு, தொப்பி இருக்கு, தமிழ் இருக்கு. மேலப்பாளையத்து ஆளுன்னு நெனச்சிட்டுப் போறாங்க."

"வாயத் தொறக்காத வரைக்கும் நெனப்பான்" என்றார் காஜா முகைதீன். "நீரு ஒரு வார்த்த பேசினா, களத்துல நிக்க கழுதகூட, 'இது நம்மூருச் சத்தம் இல்லியே'ன்னு திரும்பிப் பாக்கும் வே."

எனினும் தாவூது சீட்டை விட்டுச்செல்வதென்றே முடிவு செய்தார். உருமாலை இரட்டை முடிச்சாக இறுக்கி மீரா முகைதீனின் கையில் வைத்து, "இது உங்ககிட்ட அமானிதம், மச்சான். நான் வந்து வாங்கிக்கிறேன்" என்றார்.

அமானிதம் என்று சொல்லிக் கொடுத்த பொருளை மறுத்தலாகாது. அவிழ்த்துப் பார்த்தலும் ஆகாது. கொடுத்தவர் கேட்கும்போது திருப்பித் தரவேண்டும். மீரா முகைதீன் வாங்கிக்கொண்டார். ஆனால் வண்டிகள் தெருமுனை திரும்புவதற்குள்ளாகவே அவருடைய மனத்தில் ஐயம் முளைத்தது. தன்னை இன்னாரென்று காட்டும் ஒரே பொருளை ஒருவன் ஏன் பிறர் வீட்டில் விட்டுச்செல்லவேண்டும்? சோதனை நேர்ந்தால் அகப்படுவது அவன் இடுப்பிலா, இந்த வீட்டிலா? அன்றியும், எவரும் வாசிக்க இயலாத அவ்வெழுத்தில் என்னதான் எழுதியிருக்கிறது? காரைக்காலில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டென்று எழுதியிருந்தாலும் அறிவார் யார்?

உருமாலை முதலில் அரிசிப் பானையில் வைத்தார். அரிசி அளக்கும்போது கையில் தட்டுப்படுமென்று தோன்றவே, நூல் சிப்பங்களின் நடுவே செருகினார். சிப்பம் விலைபோய்விட்டால் என்ன செய்வதென்று எண்ணி, முடிவில் தறிக்குழிக்குள் இறங்கி, மிதிபலகைக்கு அடியில் மண்ணைப் பறித்து அதனைப் புதைத்தார். அதன்பின் தறியில் அமர்ந்தால் அவருடைய வலக்கால் மிதிக்கத் தயங்கியது. ஊடை இழை நெருங்காமல் துணி கண்விட்டுப் போயிற்று. எதிர்வீட்டு வேம்பினடியில் குடையோடு ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு நாள் நின்றான். இரகசியப் போலீஸ்தான் என்று மீரா முகைதீன் உறுதி கொண்டார். மூன்றாம் நாள் அவன் ஒரு வெள்ளாட்டை விலைபேசி ஓட்டிச் சென்றான். ஆடு வாங்குவதும் வேடமாக இருக்கலாம் என்று எண்ணியபடி அவர் கதவைச் சாத்தினார்.

மறுநாட் காலையில் கதவு தட்டப்பட்டது. வேட்டியும் துண்டுமாக நின்றவர் தம் பெயர் குற்றாலலிங்கம் என்றும், தாம் போலீஸ் கான்ஸ்டபிள் என்றும் சொன்னார்.

"தாவூதுன்னு ஒருத்தர ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்கு, சாயபு. திசையன்விளைப் பாதையில பிடிச்சது. தன்னோட சீட்டு உம்மகிட்ட இருக்குங்காரு. இன்ஸ்பெக்டர் வாங்கியாரச் சொன்னாவ."

"போலீஸ்னு சொல்லுதீரு. உடுப்பக் காணமே?"

"வெளுக்கப் போட்டிருக்கு. உடுப்பு காஞ்சாத்தான் போலீஸா? எடும் வே, போகணும்."

"அவரு சொன்னாருங்கதுக்கு அடையாளம்?"

"பூப்போட்ட பட்டு உருமாலு. ரெண்டு முடிச்சு. போதுமா?"

போதும் என்பதற்கு மாறாக, அச்சொல்லே மீரா முகைதீனின் ஐயத்தை மிகுவித்தது. முடிச்சின் எண்ணிக்கை வரையில் போலீசாருக்குத் தெரிந்திருக்கிறதென்றால், அடித்துக் கேட்டிருக்கவேண்டும். அடித்துக் கேட்டிருந்தால், கேட்க வேண்டியது ஏதோ அவனிடம் இருந்திருக்கவேண்டும். ஆகவே அவர் கூறினார்: "தாவூதா? அப்படி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. எங்கிட்ட யாரும் ஒண்ணும் தரல."

குற்றாலலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. நாளைக்கு அந்த ஆளப் பாளையங்கோட்டைக்கு ஏத்துதாவ. அங்கன இப்படிப் பையப் பைய எல்லாம் கேக்க மாட்டாவ" என்று சொல்லி நடந்தார்.

கதவுக்கு உட்புறம் நின்றிருந்த ஆசியா உம்மாள் யாவற்றையும் கேட்டிருந்தாள்.

"தறிக்குழியில என்ன இருக்கு, காக்கா?" என்று தமையனைக் கேட்டாள்.

மீரா முகைதீன் கதவைத் தாழிட்டார்.

"நாலு நாளா துணி கண்ணு கண்ணா விழுகு. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? அவரு உங்க வீட்டுல இருக்குன்னு சொல்லியிருக்காரு. நீங்க இல்லைன்னு சொல்லிட்டீங்க. இப்ப அங்கன அவரு பொய்யரா நிக்குதாரு."

"இனிமே கொண்டு போனா பொய்யன் நான்லா?"

"ஆமா" என்றாள் ஆசியா உம்மாள். "பொய் சொன்னது நீங்கதான? போங்க. என்ன கேட்டாலும் உள்ளதச் சொல்லுங்க."

லாடம் அடித்து முடித்திருந்த காஜா முகைதீன் உடனே வண்டி பூட்டினார். உருமாலில் ஒட்டியிருந்த குழிமண்ணைத் தட்டி, மீரா முகைதீன் அதனை இடைவாரினுள் செருகிக்கொண்டார். தாவூது சுமக்க வேண்டாம் என்று தாமே உரைத்த சீட்டைத் தாமே சுமக்கலானார். வழியில் ஒரு கல்மண்டபத்தின் அருகே உடுப்பணிந்த கான்ஸ்டபிள் ஒருவர் வண்டியை நிறுத்திச் சோதித்தார். உருமாலை அவிழ்த்துச் சீட்டின் முத்திரையைக் கண்டதும் அவருடைய புருவம் உயர்ந்தது.

"புதுச்சேரிக்காரனா?"

"நான் மேலப்பாளையம். மீரா முகைதீன்."

"அதுக்கு என்ன அத்தாட்சி வச்சிருக்கே?"

பிறந்து வளர்ந்த சீமையில் தான் இன்னான் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமென்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி, அவரை வேறொருவர் என்று காட்டியது.

"நான் சொல்லுதேன் அண்ணாச்சி, இவரு மீரா முகைதீனேதான்" என்றார் காஜா முகைதீன்.

"நீ ஆருன்னு ஆரு சொல்லுவா?"

இவ்வாறாக இருவரும் கான்ஸ்டபிளின் காவலில், பொழுது சாயுமுன் ஸ்டேஷனை அடைந்தனர். வாசற்படியில் தாவூது அமர்ந்திருந்தார். முகத்தில் தாடி முளைத்திருந்தது. உடம்பில் அடிபட்ட தடம் ஏதும் காணவில்லை. மேசைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டரும், பக்கத்தில் ஓர் எழுத்தரும் இருந்தனர். இப்பொழுது வெளுத்த உடுப்போடு விறைப்பாக நின்ற குற்றாலலிங்கம் அவர்களைக் கண்டதும் சொன்னார்: "இந்த ஆளு மீரா முகைதீன்தான், எஜமான். காலையில தாவூதுன்னு யாரையும் தெரியாதுன்னு சொன்னவரு."

மீரா முகைதீன் இன்னாரென்பது அவர் சொன்ன பொய்யினாலேயே நிலைநாட்டப்பட்டது.

"காலையில தெரியாதவன் சாயங்காலம் தெரிஞ்சவனாயிட்டானோ?" என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டுல எது பொய்?"

"காலையில சொன்னது, எஜமான். இது அவரு சீட்டுதான்."

"பொய் சொன்னவன் கொண்டுவந்த சீட்ட நான் எப்படி நம்ப? இந்த எழுத்த வாசிக்க இங்கன ஆளும் கெடையாது." இன்ஸ்பெக்டர் தாவூதைச் சுட்டினார். "நிலாவாரை வாங்க வந்தேங்கான். சரி. நிலாவாரை திசையன்விளையில கெடைக்கு. மேலப்பாளையத்துல எதுக்குத் தங்கினே, அங்கன தறியிலயா நிலாவாரை காய்க்குன்னு கேட்டா, வாயப் பூட்டிக்கிடுதான். மூணு நாளாக் கேக்கேன். 'என் அமானிதம் இருக்கிற வீடு'ங்கான். அதுக்கு மேல கெடையாது. ஒளிக்கதுக்கு ஒண்ணும் இல்லாதவன் எதுக்குவே ஒளிக்கான்?"

மீரா முகைதீன் தாவூதின் பக்கம் திரும்பினார். தாவூது சொல்லவேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார். எவருடைய சீட்டைத் தறிக்குழிக்குள் புதைத்துவைத்துத் தாம் ஐயுற்றாரோ அந்த மனிதர், ஒற்றைச் சொல்லில் விடுதலை பெற்றிருக்கலாம். அச்சொல்லைச் சொல்லாமல் மூன்று நாள் அந்தப் படியில் அமர்ந்திருந்தார் என்பது மீரா முகைதீனுக்கு அப்போதுதான் விளங்கிற்று. காலை பிறந்தால் பாளையங்கோட்டை.

"எஜமான், எங்க வீட்டுப் பொண்ண இவருக்குப் பேசியிருக்கு. அதுக்கு நாள் குறிக்கத்தான் தங்கினாரு."

"எந்தப் பொண்ணு?"

"என் தங்கச்சி."

எழுத்தர் பேனாவை மையில் தோய்த்தார். "பேரு?"

"தங்கச்சின்னு எழுதினாப் போதாதா, ஐயா?"

"பேரு இல்லாம வாக்குமூலம் ஏது வே?"

மீரா முகைதீன் தரையை நோக்கியவாறு சொன்னார்: "ஆசியா உம்மாள்."

எழுத்தர் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லும் வழக்கமுடையவர். ஒவ்வோர் எழுத்தாக அவர் சொல்லச் சொல்ல, வாசலில் நின்ற காவலர்களும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த வழிப்போக்கர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளும் குனியாதிருந்த தாவூதின் தலை அப்போது குனிந்தது. இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். சீட்டைப் பார்த்ததைக் காட்டிலும் அதிக நேரம் இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்திருந்தார். பின்னர், "ஜாமீன் கையெழுத்து வாங்கிட்டு விட்டுரும். நிக்காஹ் முடிஞ்ச பொறவு காரைக்காலுக்குப் போயிரணும்" என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வெளியே வந்ததும் தாவூது கையை நீட்டினார். மீரா முகைதீன் உருமாலைக் கொடுத்தார். முடிச்சுகளைத் தாவூது சோதித்துப் பார்க்கவில்லை. சோதனையில் அவை அவிழ்க்கப்பட்டு வேறு விதமாகக் கட்டப்பட்டிருந்தன.

"தப்பு எம்மேலதான், மாப்பிளை" என்றார் மீரா முகைதீன்.

"சீட்ட விட்டுட்டு வந்தது நான்தானே, மச்சான்." தாவூது உருமாலைத் தம் இடுப்பில் செருகி, மேலே இடைவாரை இறுக்கினார். "இனிமே எங்க போனாலும் இது என் இடுப்புலதான் இருக்கும். உங்க வீட்டுக்கு நிக்காஹுக்கு வரும்போதும் இருக்கும். இதுல எழுதியிருக்கிறது என் பேரு மட்டுந்தான்."

மூவரும் வண்டியில் ஏறினார்கள். மேலப்பாளையம் வரையில் தாவூதின் வலக்கை இடைவாரின் மேலேயே இருந்தது.