கூடம் கோணல்

நாற்பது வருஷம் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவன் நான். கடைக்குள் ஒருத்தர் நுழையும்போதே, இடது தோள் வலது தோளைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். டேப்பை எடுப்பதெல்லாம் வந்தவரின் திருப்திக்குத்தான். "எல்லாத்துக்கும் அளவு வெச்சிருக்கீங்க, தற்பெருமைக்கு மட்டும் கிடையாது" என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும். கோணல் என்று ஒன்று இருந்தால் என் கண்ணுக்குத் தப்பாது.

மகள் இரண்டு மாதக் கைக்குழந்தையோடு வருவதாகச் சொன்னாள். மூன்று மாதம் எங்களோடு இருப்பாள். அவளுக்குப் பின்பக்க மூலை அறைதான் என்று நானும் மனைவியும் அப்போதே முடிவு செய்துவிட்டோம். அவள் வளர்ந்த அறை அது. ஆனால் குழந்தைக்குச் சளி பிடித்தால் விடுவதில்லை, அறையிலோ எப்போதும் ஈரச் சுவரின் ஓத வாடை. வெளிச்சுவரைச் சுரண்டிப் புது பெயிண்ட் அடித்தால் வாடை போகும் என்றார்கள். வருஷத்தில் எட்டு மாதம் மழை குடிக்கிற சுவர். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பாசி, அதற்கு மேல் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது.

பெயிண்டர் வந்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் பேசாத ஆள். மூன்று நாள் சுரண்டியே கழிந்தது. மூலைக்கு வந்ததும் கட்டைவிரலால் சுவரை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"மாஸ்டர், இந்த இடம் மட்டும் காயவே மாட்டேங்குது. கீழ எங்கியோ தண்ணி ஓடுற மாதிரி இருக்கு."

"மழை பேஞ்சா சுவரு ஊறாம பின்ன சிரிக்குமா? ஆகுற வேலையப் பாருங்க" என்றேன்.

கீழே இரண்டடிக்குக் காவிப் பட்டை, மேலே வெளிர் மஞ்சள். இரண்டுக்கும் நடுவே நேர்க்கோடு வேண்டும். முன்மூலையிலிருந்து பின்மூலை வரைக்கும் தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து, இரண்டு பக்கமும் நீர்மட்டத்துக்கு ஆணி அடித்து, சாயப்பொடி தடவிய நூலை விறைப்பாகக் கட்டி நடுவில் சுண்டிவிட்டார். நீலக் கோடு சுவரில் பளிச்சென்று விழுந்தது. திங்கட்கிழமை. நான் குற்றம் கண்டுபிடிக்கப் போய், முடியாமல் திரும்பி வந்தேன்.

புதன்கிழமை காலையில் காபி டம்ளரோடு அந்தப் பக்கம் போனால், கோடு பின்மூலையில் தொங்குகிறது. என் கண்ணை நானே நம்பாமல் டியூபைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு விரல்கடை இறக்கம்.

"என்னய்யா இது? முன்னால மேல நிக்குது, பின்னால கீழ போகுது! கண்ணை வீட்லயே வெச்சிட்டு வந்தீங்களா?"

அவர் டியூபை என் கையிலிருந்து வாங்கி, தானும் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புது நூல் அடித்தார். நான் பக்கத்திலேயே நின்று சரிபார்த்தேன். மயிரிழை பிசகவில்லை.

சனிக்கிழமை மறுபடியும் ஒரு விரல்கடை. எனக்கு வந்த கோபத்தில் தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மாஸ்டர், ரெண்டு தடவையும் பின்பக்கம்தான் இறங்குது. கை தப்பியிருந்தா ஒரு தடவை இப்படிப் போகும், ஒரு தடவை அப்படிப் போகும். அதுவும் நீங்க பக்கத்துல நின்னு பாத்த கோடு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்! வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க."

"கூடம் கோணலாவும் இருக்கலாம் மாஸ்டர்" என்றார் அவர். குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "மூணாவது தடவை நான் நூல் அடிக்க மாட்டேன். யாரையாவது கூப்பிட்டு அஸ்திவாரத்தைப் பாக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த ரூம்ல யாரையும் படுக்க வைக்காதீங்க."

போய்விடச் சொன்னேன். சுரண்டியையும் நூலுண்டையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அவர் சொல்றதுல ஏதாவது இருக்குமோ? மூலை ரூம் கதவுகூட ஒரு வாரமா இறுக்கமா இருக்குங்க."

"மழைக்குக் கதவு உப்பும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீயும் அவன்கூடச் சேர்ந்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமை நானே நூல் அடித்தேன். டியூபின் மறுமுனையை மனைவி பிடித்தாள், முகத்தை ஒரு முழத்துக்கு நீட்டி வைத்துக்கொண்டு. மூலையில் தையல் பிரிந்த மாதிரி ஒரு விரிசல் ஓடியது. அதில் பட்டி வைத்து அடைத்தேன். காவி வண்ணத்தைக் குழைத்து அடித்ததில் பழைய கோடுகளின் சாயமெல்லாம் உள்ளே போய்விட்டது. தள்ளி நின்று பார்த்தேன். அறுபத்தெட்டு வயதில் ஒரு தையல்காரன் போட்ட கோடு, அளவு எடுத்துத் தைத்த மாதிரி நின்றது. அந்த ஆளைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

திங்கட்கிழமை மகள் வந்தாள். குழந்தை என் விரலைப் பிடித்த பிடியை விடவேயில்லை. "வீடு புதுசா ஆயிடுச்சுப்பா, வாடையே இல்லை" என்றாள் மகள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அன்று பிடித்த மழை செவ்வாய்க்கிழமை முழுக்க விடாமல் பெய்தது.

புதன்கிழமை காலை, குடையைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனேன். சும்மா ரசிப்பதற்குத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூப் தேவைப்படவில்லை. என் கோடு, நானே அளந்து நானே அடித்த கோடு, பின்மூலையில் இரண்டு விரல்கடை இறங்கிக் கிடந்தது. பட்டி வைத்த இடம் வாய் பிளந்திருந்தது. இந்தத் தடவை திட்டுவதற்கு ஆள் இல்லை. கோடு ஒருநாளும் கோணவில்லை. வீடு இறங்கிக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் நான் வண்ணம் அடித்திருக்கிறேன்.

குடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மூலை அறைக் கதவு சாத்தியிருந்தது.

"எந்திரிம்மா! பாப்பாவத் தூக்கிட்டு வெளிய வா!"

"நானும் பாத்துட்டேன்பா, கதவு திறக்கல. மழைக்கு உப்பிக்கிச்சு போல. நீங்க அந்தப் பக்கத்துல இருந்து தள்ளுங்க." சிரித்துக்கொண்டே சொன்னாள். "மெதுவாப் பேசுங்க, இப்பத்தான் தூங்கினா."

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. இன்னொரு தரம் தள்ளினேன். மேலேயிருந்து பொடி உதிர்ந்து என் தலையில் விழுந்தது.

மனைவி போனை என் காதில் வைத்தாள். நான் ஓடிவந்த கோலத்தைப் பார்த்ததுமே அவள் பெயிண்டரைக் கூப்பிட்டுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை, நல்லவேளை.

"மாஸ்டர், பதற்றப்படாதீங்க. நிலைக்கு மேல பாருங்க. உத்தரக் கட்டை எப்படி இருக்கு?"

பார்த்தேன். ஒரு பக்கம் கதவுக்கும் நிலைக்கும் நடுவே கை நுழைகிற மாதிரி முக்கோணச் சந்து. மறுபக்கம் உத்தரக் கட்டை கதவின் தலையில் வந்து அழுந்தி உட்கார்ந்திருந்தது. சொன்னேன்.

"தள்ளாதீங்க. கதவை விட்டுடுங்க. இப்ப மேல இருக்கறதைத் தாங்கிட்டு நிக்கிறதே அந்தக் கதவுதான். ஜன்னல் கம்பிய அறுத்துத்தான் அவங்கள வெளிய எடுக்கணும். நான் ரம்பத்தோட வர்றேன், அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் கதவை யாரும் தொடக் கூடாது. உள்ள இருக்கறவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

என் தோள் இன்னும் கதவில்தான் இருந்தது. எடுக்கலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு நூல் ஒரு நூலாக எடுத்தேன். கதவு முனகியது.

"என்னப்பா, நிறுத்திட்டீங்க?" என்றாள் மகள். "இருங்க, நானும் இந்தப் பக்கத்துல இருந்து இழுக்கறேன்."

"தொடாதே!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டு அழ ஆரம்பித்தது. "கதவைத் தொடாதேம்மா! தொடாதே!"

"பாப்பா அழறாப்பா, ஒண்ணும் கேக்கலை" என்றாள் அவள். கைப்பிடி திரும்பியது.