தண்ணி குடிக்காத வரிசை

"எங்கக்காவ ஒண்ணுக்குப் போக விடுங்க."

மெஷின் சத்தத்துக்கு மேலே பேசவேண்டுமென்றால் கத்தித்தான் ஆகவேண்டும். கத்தினேன். எல்லா வரிசைக்கும் கேட்டது. இந்தத் தையல் கம்பெனியில் நான் சேர்ந்த அன்று அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினாள். என்ன வேண்டுமானாலும் கேள், ஆம்பளைங்க முன்னாடி அதை மட்டும் கேட்காதே, மானம் போயிடும் என்றாள். கேட்டாகிவிட்டது. சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். இஸ்திரி போடுகிற இரண்டு பேர் சிரித்தார்கள். மானம் போனதற்கு அவ்வளவுதான் அடையாளம்.

பதில் சொன்னது அவர்கள் இல்லை. அக்காவுக்கு அடுத்த மெஷினில், சட்டைக் கையின் முனையில் வரும் பட்டையான கஃப் தைப்பவர். எல்லாருக்கும் அவர் கஃப் அக்கா.

"உங்கக்கா எழுந்து போனா என் கைக்கு என்னடி வரும்? காத்தையா தைக்கிறது?"

இங்கே ஏற்பாடே அப்படித்தான். கழிவறைக் கதவில் பூட்டு கிடையாது. போகாதே என்று எந்த அதிகாரியும் சொல்வதில்லை. சட்டை ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்குப் போகும். நடுவில் ஒருத்தி எழுந்தால் அவள் இடத்தில் துணி மலையாகக் குவியும், அவளுக்கு அடுத்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் சட்டை குறைந்தால் வரிசைக்கே ஊக்கத்தொகை இல்லை. அதனால் காவல் வேலையையும் பெண்களே பார்த்துக்கொள்கிறார்கள். புதிதாக வருகிறவளுக்கு நூல் கோக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே, காலையில் வாயைக் கொப்பளித்துத் துப்பு, விழுங்கிவிடாதே என்று சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். "அவளா, மத்தியானம் வரைக்கும் ஒரு சொட்டு குடிக்க மாட்டா" என்பது இங்கே பாராட்டு. அந்தப் பாராட்டை அதிகம் வாங்கியவள் என் அக்கா. சட்டைக்குக் கை வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தக் கைகள்தான் என்னைக் காலேஜுக்கு அனுப்பின.

படித்துவிட்டு வந்த எனக்கு இதே கம்பெனி சுகாதார ஆலோசகர் என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டது. வாராவாரம் சாப்பாட்டு நேரத்தில் பேசுவேன். தண்ணீர் நிறையக் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள், எரிச்சல் இருந்தால் மறைக்காதீர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். வானிலை அறிக்கை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு, டப்பாவைக் கழுவி மூடிவிட்டுப் போவார்கள்.

அக்காவுக்கு இது ஐந்தாவது மாதம். போன முறை ஏழாவது மாதத்தில் பிறந்தது நிலைக்கவில்லை. இன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். அனலாகக் கொதித்தாள், ஆனால் பல் தந்தியடித்தது. இடுப்புக்கு மேலே முதுகு குத்துகிறதாம். நீர்க்கடுப்பு நாலைந்து நாளாக இருக்கிறதாம். கிருமி மூத்திரப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கும், உடனே பார்க்காவிட்டால் இந்தப் பிரசவமும் முந்திக்கொள்ளலாம். இதையே எத்தனை முறை மேடை போட்டுப் பேசியிருக்கிறேன். என்னிடமே மறைத்திருக்கிறாள். கேட்டால், "உன் வேலைக்கு எதுக்குடி என்னால கெட்ட பேரு" என்றாள். சொல்லிவிட்டு மணி அடித்ததும் மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் நான் கத்தியது.

மேனேஜர் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். கதவில் பூட்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. யாராவது தடுத்தார்களா? இல்லை. பிறகு எதற்கம்மா இந்தக் கூச்சல் என்றார். வரிசைக்கு ஒரு மாற்று ஆள் போடுங்கள், யார் எழுந்தாலும் அந்த இடத்தில் உட்கார்ந்து தைக்க, அதுபோதும் என்றேன். தண்ணீர் குடிக்கச் சொல்வது என் வேலை, ஆள் போடுவது அவர் வேலை என்று சிரித்தபடியே சொன்னார். குடிக்கிற தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லைபோல.

"உடம்பு சரியில்லைன்னா உங்கக்காவே வந்து சொல்லட்டும்."

சூப்பர்வைசர் போய்க் கூப்பிட, அக்கா வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். அவ படிச்சவ. சும்மா பயப்படுறா."

மேனேஜர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அக்கா திரும்பி மெஷினுக்குப் போனாள். எனக்கு அந்த ஆள்மேல் வந்த கோபத்தைவிட இவள்மேல் வந்ததுதான் அதிகம். வலியை விழுங்குவதைக்கூட வேலைத்திறமையாக்கி வைத்திருக்கிறாள். அவளுக்காகப் பரிந்து பேசப்போய், பொய் சொன்னவள் மாதிரி நான் இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன். கழுத்து அட்டையைக் கழற்றி அவர் மேஜைமேல், அந்தத் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நேராக அக்காவின் மெஷினுக்குப் போய் ஸ்விட்சை அணைத்தேன். பாதி ஓடிய சட்டைக் கை ஊசியிலேயே நின்றது.

"வேலை போயிடும்டி," என்றாள் மெதுவாக.

"போகட்டும். புள்ள போகக் கூடாது. எழுந்திரு."

அவள் எழுந்திருக்கவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். உட்கார்ந்திருந்த நாற்காலி ஈரமாக இருந்தது. அவள் முந்தானையை இழுத்துப் பின்னால் மறைத்தாள். வரிசையில் எல்லாரும் பார்த்தார்கள். சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. கஃப் அக்கா மட்டும், எங்க வரிசை நாசமாச்சு, இனி நாங்க என்ன பண்றது என்று திட்டிக்கொண்டே, வழியில் குவிந்துகிடந்த துணிக்கட்டைக் காலால் ஒதுக்கினார்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். இப்போது வெளியே போனால் இரண்டு பேரும் திரும்பி வர முடியாது என்றார். சரி என்றேன்.

"நேரா ஆஸ்பத்திரிக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"முதல்ல கழிவறை. போற வழியிலதான் இருக்கு. கொஞ்சம் மிச்சம் வை, அங்க பரிசோதனைக்குக் கேப்பாங்க."

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. என் தோளில் அவள் முழுப் பாரமும் இறங்கியது. பின்னால் மேனேஜர் என்னை மேடம் என்று கூப்பிட்டார், முதல் முறையாக. நாங்கள் நடந்துகொண்டிருந்தோம்.